புள்ளி எழுத்துத் தந்த லூயி பிரெயில்

பிறர்க்கு உதவி செய்தாருடைய சரித்திரங்களை நாம் பெரிதும் விரும்பிக் கற்கின்றோம். அவ்வுதவியைப் பெற்றாருடைய சரித்திரமோ பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அவர்கள் வேண்டியது யாது என்று கேளாமல், அவர்களுக்கு அளிக்கப்பட்டது இன்னது என்பதை மட்டும் குறித்து வைப்பது உலக வழக்கு. இவ்வழக்கினைத் தம் வாழ்க்கையால் மாற்றிய ஒருவரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் தாமே விழியிழந்தவர். விழியிழந்தார்க்கு வேண்டுவது யாது என்பதைத் தம் விரலால் உணர்ந்து, பதினைந்தாம் வயதிலேயே அதனை ஆக்கிக் காட்டியவர். அவரே பிரான்சு தேசத்து லூயி பிரெயில் (1809–1852).

பிறப்பும் இளமையும்

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் குதிரைச் சேணமும் வாரும் தைக்கும் தொழிலாளியாகிய சிமோன் ரெனே பிரெயிலுக்கும், அவர் மனைவி மொனீக் அம்மையாருக்கும் கடைசி மகவாக, 1809-ஆம் ஆண்டு சனவரி மாதம் 4-ஆம் நாள் லூயி பிறந்தார். மூன்று வயதுக் குழந்தையாயிருந்தபொழுது, தந்தையின் பட்டறையில் கிடந்த கூரிய கருவியொன்றை எடுத்துத் தோலைத் துளைத்து விளையாட, அது வழுக்கி ஒரு கண்ணிற் பாய்ந்தது. நோய்க்கிருமிகளைப் பற்றி மருத்துவர் ஒன்றும் அறியாத காலம் அது. புண்பட்ட கண்ணிற் பற்றிய நோய் மற்றைக் கண்ணிற்கும் பரவ, ஐந்தாம் வயதிற்குள் இரு கண்களும் முற்றும் ஒளியிழந்தன.

அந்நாளில் விழியிழந்த ஏழைகளுக்கு ஐரோப்பாவிலும் பெரும்பாலும் பிச்சையே பிழைப்பாயிருந்தது. லூயியின் பெற்றோர் அதற்கு இசையவில்லை. தந்தை கைக்கோல் செய்து கொடுத்து, ஊர்த்தெருக்களில் தாமாகவே நடந்துவரப் பயிற்றினார். 1815-இல் அவ்வூர்க்கு வந்த பாலுயி என்னும் குருவானவர், சிறுவரின் அறிவுக் கூர்மையைக் கண்டு பாடங் கற்பித்தார். அவர் பரிந்துரைப்ப, ஊர்ப் பள்ளியின் உபாத்தியாயராகிய பெஷெரே என்பவர் கண்ணுடைய பிள்ளைகளோடு ஒக்க லூயியையும் அமர்த்திக்கொண்டார். ஒருமுறை கேட்டவற்றை மறவாது சொல்லும் ஆற்றலால் லூயி வகுப்பில் முதன்மை பெற்றார். எனினும், மற்றைப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும் வேளையில் அவர் கைகள் வெறுமையாகவே இருந்தன.

பாரிஸ் கல்விச்சாலை

1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், பத்து வயதுடைய லூயி, பாரிஸிலிருந்த விழியிழந்த இளைஞர்க்கான அரசாங்கக் கல்விச்சாலையிற் சேர்ந்தார். அதனைத் தோற்றுவித்தவர் வாலண்டின் ஹாவுயி என்னும் பெருந்தகையார். 1771-இல் பாரிஸ் நகரத்துச் சந்தையொன்றில், விழியிழந்தார் சிலருக்குக் கோமாளி உடையும் கண்ணாடியும் அணிவித்து, இசைக்கருவிகளைத் தாறுமாறாக வாசிக்கச் செய்து, கூடியிருந்தோர் நகைத்தனர். அக்காட்சியைக் கண்டு உள்ளம் உருகிய ஹாவுயி, இவர்களையும் படிக்கச் செய்வேன் என்று உறுதி கொண்டார். ஈரத்தாளைப் பெரிய அச்செழுத்துக்களின்மேல் அழுத்தி, எழுத்துக்களைத் தாளில் மேலெழச் செய்து, அவற்றை விரலால் தடவிப் படிக்கும் முறையை வகுத்தார்.

ஹாவுயியின் அன்பிற் குறையில்லை. விழியிழந்தார் கல்வி பெறத்தக்கவர் என்று உலகிற்குக் காட்டிய புகழ் அவரதே. ஆயினும், அவர் வகுத்த எழுத்து கண்ணுடையார் படிக்கும் எழுத்தேயாம். கண்ணிற்கு எளிதாயிருப்பது விரலிற்கும் எளிதாயிருக்கும் என்று அவர் எண்ணிவிட்டார். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் முழுதும் தடவி அறிந்த பின்னரே அடுத்த எழுத்திற்குச் செல்லவேண்டும். ஒரு வாக்கியத்தின் இறுதியை அடையுமுன் அதன் தொடக்கம் மறந்துபோம். நூல்களோ தூக்கற்கரிய சுமையுடையன. எண்ணிக்கையிலும் மிகச் சில.

இவை எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. அம்முறையால் விழியிழந்தார் படிக்கலாம். தம் கையால் எளிதில் எழுதுதல் இயலாது. பிறர் சொல்வதைப் பெறுதற்கு வழியுண்டு. தாம் சொல்ல நினைப்பதைச் சொல்லுதற்கு வழியில்லை. நம் தமிழ்நாட்டிலும் நிலைமை இதுவே. விழியிழந்த புலவராகிய அந்தகக்கவி வீரராகவ முதலியாரும், பிரெயிலின் காலத்திலேயே 1836-இற் பிறந்து இளமையில் அம்மை நோயாற் கண்ணிழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரும், கண்ணுடைய புலவரும் வியக்கப் பாடினர். ஆயினும் அவர்கள் பாட்டு ஏட்டில் ஏறுதற்குக் கண்ணுடையார் ஒருவருடைய கை வேண்டியிருந்தது. தன் எண்ணத்தைத் தானே எழுத மாட்டாதவன் எத்துணை அறிவுடையனாயினும், ஒருவாற்றான் பிறர் கையில் இருப்பவனே.

பார்பியேயின் முறை

பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த ஷார்ல் பார்பியே என்பவர், தாளிற் குத்திய புள்ளிகளால் எழுதும் முறையொன்றை வகுத்திருந்தார். அம்முறை 1821-இல் பாரிஸ் கல்விச்சாலையிற் பரிசோதிக்கப்பட்டது. மாணவர் விரல்கள் அதனை உடனே விரும்பின. சோழபுரத்தைச் சூழ்ந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் தறியில் இருப்போரைப் பார்த்தவர்கள் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். பாவில் விழுந்த முடிச்சைக் கண் காணுமுன் விரல் காணும். வழவழப்பாக ஓடும் கோட்டினும், தனித்து எழுந்து நிற்கும் புள்ளியே விரலிற்கு விரைவிற் புலனாவது.

ஆயின் பார்பியேயின் முறையிலும் குறைகள் இருந்தன. ஓர் எழுத்துக்குரிய கட்டத்தில் பன்னிரண்டு புள்ளிகள் வரை அமையும். அதன் உயரம் விரல்நுனியில் அடங்காது. விரலை மேலுங் கீழுமாக நகர்த்தியே அறியவேண்டும். மேலும் அது ஒலிகளைக் குறிப்பதேயன்றி எழுத்துக்களைக் குறிப்பதன்று. சொற்களைப் பிழையின்றி எழுதவும், நிறுத்தக்குறி இடவும், எண்களைக் கணக்கிடவும், இசையைக் குறிக்கவும் அதில் இடமில்லை. பள்ளி சென்றறியாத எளியோர் ஒலியைக் குறித்துக்கொண்டாற் போதும் என்பது பார்பியேயின் கருத்து. பன்னிரண்டு வயதுடைய பிரெயிலோ, அஃது போதாது என்று கண்டார். பிறர் கற்கும் கல்வி முழுவதும் தமக்கும் வேண்டும். குறைந்த கல்வியை இரக்கத்தால் அளிப்பின், அது குறைந்த கல்வியேயாம் என்பது அவர் துணிபு. தம் முறையை ஒரு சிறுவன் திருத்துவதைப் பார்பியே எளிதில் ஏற்கவில்லை என்பர். ஆனால் பிரெயில் நன்றி மறவாதவர். பின்னாளில் தாம் வெளியிட்ட நூலின் முகவுரையில், தம் முறைக்கு முதற்கருத்து அளித்தவர் பார்பியேயே என்று வெளிப்படக் கூறினார்.

ஆறு புள்ளிகள்

மூன்றாண்டுகள் இராப்போதிலும் விடுமுறை நாட்களிலும் பிரெயில் இடையறாது உழைத்தார். 1824-இல், தம் பதினைந்தாம் வயதில், பெரும்பாலும் முடிவான வடிவைக் கண்டார். இரு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி, ஆக ஆறு புள்ளிகள். இவ்வளவே அதன் அடிப்படை. ஆறும் ஒருசேர விரல்நுனியின் கீழ் அடங்கும். எந்தப் புள்ளி உண்டு, எந்தப் புள்ளி இல்லை என்னும் வேறுபாட்டால் 63 வடிவங்கள் பிறக்கின்றன. முதற் பத்து எழுத்துக்கள் மேலுள்ள நான்கு புள்ளிகளால் அமைவன. அவற்றோடு கீழ்ப்புள்ளி ஒன்றைக் கூட்ட அடுத்த பத்தும் அமையும். எண்களும் நிறுத்தக்குறிகளும் இசைக்குறிகளும் அவ்வாறே.

மெய்யெழுத்துப் புள்ளி பெற்று நிற்கும் என்று தொல்காப்பியத்திற் கற்ற தமிழ் மாணவர்க்குப் புள்ளியின் ஆற்றல் புதிதன்று. ஒரு புள்ளி இருத்தலானும் இல்லாமையானும் எழுத்தே வேறாகின்றது என்பதை நம் முன்னோர் அறிவர். அவ்வாற்றலை விரலிற்கு உரியதாக்கியவர் பிரெயில். துளையிட்ட சட்டமும் ஒரு குத்தூசியும் இருந்தால் ஏழை மாணவனும் எழுதலாம். தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கவேண்டும். அவருடைய கண்ணைப் பறித்ததும் கூரிய கருவியே. அவரை ஒத்தார் அனைவர்க்கும் எழுதுகோலானதும் கூரிய கருவியே.

இம்முறையை விளக்கும் நூல் 1829-இல் வெளிவந்தது. அந்நூல் ஹாவுயியின் மேலெழுந்த எழுத்துக்களிலேயே அச்சிடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1837-இல் சில திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பு வந்தது.

ஆசிரியர் பிரெயில்

1828-இல் அக்கல்விச்சாலையிலேயே துணையாசிரியராகிய பிரெயில், 1833-இல் ஆசிரியரானார். கோத்தியே, கோல்தா என்னும் விழியிழந்த நண்பர் இருவரும் அவரோடு ஒருங்கு ஆசிரியராயினர். அவர் ஆர்கன் வாசிப்பதில் வல்லவர். 1834 முதல் பாரிஸ் நகரத்துத் தேவாலயமொன்றில் அப்பணியைச் செய்தார்.

1839-இல் பிரெயில் வேறொரு முறையையும் வெளியிட்டார். அது, கண்ணுடையார் படிக்கும் எழுத்து வடிவங்களைப் புள்ளிகளாலேயே வரைவது. விழியிழந்தான் ஒருவன், கண்ணுடைய தாய் தந்தையர்க்கும் நண்பர்க்கும் பிறர் துணையின்றிக் கடிதம் எழுதவேண்டும் என்பதே இதன் நோக்கம். விழியிழந்தவரான பூக்கோ என்னும் அறிஞர் 1841-இல் அம்முறைக்கு ஒரு பொறியையும் இயற்றினார். தமக்கெனத் தனியெழுத்து வகுத்துக்கொண்டவர்கள் பிறரை விட்டு விலக எண்ணினாரல்லர் என்பதற்கு இதுவே சான்று.

எதிர்ப்பும் வெற்றியும்

கல்விச்சாலைத் தலைவராயிருந்த பிஞ்ஞியே என்பவர் மாணவர்க்குப் பயன்படுவது இது என்று கண்டு, பிரெயில் முறைக்கு இடங்கொடுத்தார். 1840-இல் அவர் பதவி நீக்கப்பட, துபோ என்பவர் தலைவரானார். துபோ கொடியவர் அல்லர். விழியிழந்தார்க்குத் தனியெழுத்து இருப்பின் அவர்கள் சமூகத்தினின்று பிரிந்துபோவர் என்று அவர் கருதினார். அவர் கூறிய காரணம் கேட்பதற்கு இனியதே. ஆனால் அதனை உரியவரிடம் அவர் கேட்டறியவில்லை. கண்ணுடையார் எழுத்தைத் தழுவிய புதியதோர் அச்சுமுறையைப் புகுத்தினார். பழைய நூல்களும் புள்ளியில் எழுதியவைகளும் தீக்கிரையாயின. பிரெயில் முறை விலக்கப்பட்டது.

மாணவர் அதனை விடவில்லை. சட்டமும் ஊசியும் பறிக்கப்பட்டபோது, கையிற் கிடைத்த முட்கரண்டியாலும் ஆணியாலும் தாளைக் குத்தி மறைவில் எழுதினர். மூத்தவர் இளையவர்க்குக் கற்பித்தனர். பிரெயில் அக்காலத்தில் காச நோயால் மெலிந்திருந்தார். போராடும் வலிமை அவர் உடலில் இல்லை. மாணவரே அவர் பொருட்டும் தம் பொருட்டும் நின்றனர். குவாதே என்னும் துணைத்தலைவர் இதனைக் கூர்ந்து நோக்கினார். தண்டனைக்கு அஞ்சாது பிள்ளைகள் ஒன்றைப் பற்றி நிற்பராயின், அதில் அவர்கட்கு உயிர்ப்பயன் இருத்தல் வேண்டும் என்று தெளிந்தார். தலைவரிடம் சென்று எடுத்துரைத்து அவர் மனத்தையும் மாற்றினார்.

1844 பிப்ரவரி 22-ஆம் நாள் கல்விச்சாலையின் புதிய கட்டிடம் திறக்கப்பட்டது. அவ்விழாவில் குவாதே பிரெயில் முறையைப் பாராட்டி உரைத்தார். அவையோர் சொல்லியதை ஒரு மாணவர் புள்ளியில் எழுத, அப்பொழுது வெளியே இருந்த மற்றொருவர் வந்து விரலால் தடவி அதனை அவ்வாறே படித்தார். முறையின் சிறப்பைக் குவாதே எடுத்துக் கூறினார். அதனை மெய்ப்பித்தவரோ மாணவரே. துணைவர்க்கு உரிய இடமும், உரியவர்க்கு உரிய இடமும் அன்று அவ்வரங்கில் நன்கு விளங்கின.

இறுதி நாட்கள்

நோய் முற்றி, 1852 சனவரி 6-ஆம் நாள், நாற்பத்துமூன்று ஆண்டு நிரம்பிய இரண்டாம் நாளில், பிரெயில் ஆண்டவர் திருவடி நிழலை அடைந்தார். பாரிஸ் பத்திரிகைகள் அவர் மரணத்தைப் பொருட்படுத்தவில்லை. திறவாமல் எரித்துவிடுக என்று அவர் சொல்லியிருந்த சிறு பெட்டியொன்றை நண்பர் திறந்து பார்த்தபோது, வறிய மாணவர் பலர் அவரிடம் கடன்பெற்று எழுதித் தந்த சீட்டுக்கள் அதில் இருந்தன.

1854-இல் அவர் முறை பிரெஞ்சுக் கல்விச்சாலையின் முறையாக ஏற்கப்பட்டது. 1878-இல் பாரிஸிற் கூடிய சர்வதேச மாநாடு அதனை ஆதரித்தது. அவர் இறந்து நூறாண்டு நிறைந்த 1952-இல், நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்திற்கு அவர் உடல் கொண்டுவரப்பட்டது. கைகளை மட்டும் கூவ்ரே மக்கள் தம் ஊரிலேயே வைத்துக்கொண்டனர்.

அவர் காட்டிய நெறி

பிரெயிலுக்குப் பின் அவர் நெறி பல இடங்களில் தழைத்தது. இங்கிலாந்தில் விழியிழந்தார்க்கெனப் பலவகை எழுத்துக்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. பார்வை மங்கிய மருத்துவராகிய ஆர்மிட்டேஜ் 1868-இல் ஒரு சங்கம் கூட்டினார். எம்முறை நன்று என்று தீர்ப்பளிப்போர், விரலாற் படிப்பவராகவும், பல முறைகளை அறிந்தவராகவும், எம்முறையாலும் பொருள் ஊதியம் பெறாதவராகவும் இருத்தல் வேண்டும் என்பது அச்சங்கத்தின் விதி. அவர்கள் 1870-இல் தேர்ந்தெடுத்தது பிரெயில் முறையே.

இதற்கு மாறானதும் அக்காலத்திலேயே நிகழ்ந்தது. 1880-இல் இத்தாலி நாட்டு மிலான் நகரில், செவிப்புலன் இழந்தார் கல்வியைப் பற்றி ஒரு மாநாடு கூடிற்று. வந்திருந்தோர் ஏறக்குறைய அனைவரும் செவியுடையார். சைகைமொழியைக் கல்வியினின்று விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்கவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். அம்முடிவால் பல நாடுகளிற் பிள்ளைகள் தமக்கு இயல்பான மொழியை இழந்தனர். 2010-இல் வான்கூவர் நகரிற் கூடிய அம்மரபின் மாநாடே அதற்கு வருத்தந் தெரிவித்தது. உரியவரைக் கேட்டமையும் கேளாமையும் எத்துணை வேறுபாடு விளைத்தன என்பதை இவ்விரண்டும் காட்டும்.

நம் நாட்டில், 1887-இல் அமிர்தசரஸிலும், பின்னர் 1890-இல் பாளையங்கோட்டையிலும் விழியிழந்தார் பள்ளிகள் தோன்றின. பின்னதைத் தொடங்கியவர் ஆஸ்க்வித் அம்மையார். அக்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியும் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததே. ஆகவே அப்பள்ளி நம் முன்னோருடைய ஜில்லாவில் எழுந்த பள்ளியாகும். நெடுங்காலம் பலவாய்ப் பிரிந்திருந்த இந்தியப் புள்ளியெழுத்து முறைகள் 1951-இல் பாரதி பிரெயில் என ஒன்றாயின. அம்முயற்சிக்குத் துணைநின்ற யுனெஸ்கோ குழுவின் தலைவர் கிளத்தா மெக்கன்சியும் விழியிழந்தவரே. அம்முறையில் நம் அகரத்திற்கு ஒரே புள்ளி, ககரத்திற்கு இரண்டு, மெய்யென்று காட்ட முன்னே ஒரு தனிப்புள்ளி நிற்கும்.

உடற்குறையுடையாரைப் பற்றிய சட்டங்களை வகுக்கும்போது அவர்களையே கலந்து கொள்ளவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகின்றது. இந்தியா 2007-இல் அதனை ஏற்று, 2016-இல் புதிய சட்டமும் இயற்றியது. பாரிஸ் மாணவர் முட்கரண்டியாற் குத்தி எழுதி நாட்டிய உண்மையே உலக நாடுகளின் விதியாயிற்று.

முடிவுரை

எரிகோ பட்டணத்து வழியருகே இருந்த பர்திமேயுவின் வரலாறு நாம் அறிந்ததே. அவன் கூப்பிட்டபொழுது, பேசாதிரு என்று அதட்டியவர் பலர். ஆண்டவரோ நின்றார், அவனை அழைப்பித்தார், அவனுக்கு யாது செய்யவேண்டும் என்று அவனையே வினவினார். விழியிழந்தவன் வேண்டுவது இன்னதென்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தும் வினவினார். அவ்வினாவால் அவன் இரப்பவன் என்னும் நிலையினின்று உயர்ந்து, தன் விருப்பத்தைத் தானே சொல்லும் மனிதனாக நின்றான்.

நம் கல்லூரியிலும் விடுதியிலும் உடற்குறையுடைய தோழர்க்கு உதவ நாம் விரைகின்றோம். கையைப் பிடித்து இழுத்துச் செல்கின்றோம்; அவரிடம் கேட்கவேண்டிய வினாவை உடன் வந்தவரிடம் கேட்கின்றோம்; அவருக்கு எப்பாடம் பொருந்தும், எவ்வேலை தகும் என்று நாமே முடிவு செய்கின்றோம். ஹாவுயியின் அன்பு நம்மிடம் உண்டு. பிஞ்ஞியேயைப் போல இடங்கொடுக்கவும், குவாதேயைப் போலக் கூர்ந்து கேட்டு உடன்நிற்கவும், பின்னர் மேடையை உரியவர்க்கே விட்டு விலகவும் நாம் கற்றல் வேண்டும். பேசத் தெரிந்தவர் எங்கும் இருக்கின்றனர். அவர் பேசும்பொழுது கேட்பார் வேண்டும். அக்கேள்விச் செல்வம் நம் கல்விச் செல்வத்தின் பகுதியாகுக.